எங்களுக்கும் தைரியம் சொன்னார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், "ஒருமுறை டெங்கு வந்து குணமானவர்கள் பயப்பட வேண்டியதில்லை, உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும்" என்று தைரியம் கொடுத்திருந்தீர்கள். நன்றி.

2012-ல் எங்கள் கடையநல்லூரை டெங்கு உலுக்கியபோது என் மச்சினனுக்கும் வந்து, போனது. சில வருஷம் கழித்து மறுபடி காய்ச்சல். "எனக்குத்தான் ஒருதடவ வந்துட்டுல்லா அத்தான், இனி என்ன செய்யும்?" என்று வயலுக்குப் போய்விட்டான். காய்ச்சல் விட்ட அன்றுதான் வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான்.

தங்களுக்குத் தெரியாததா? டெங்கு வைரஸில் நாலு வகை. ஒரு வகை தாக்கினால் உடம்பின் எதிர்ப்பு அணுக்களான பி செல்கள் பெருகி, சில பிளாஸ்மா செல்லாக மாறி, கிருமியில் ஒட்டி அதை முடக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் சுரக்கும். சில நினைவு செல்லாகத் தங்கிவிடும். அதே வகை மறுபடி வந்தால் ஒன்றும் செய்யாது. அதுவரை நீங்கள் எழுதியது சரி. வேறு வகை வந்தாலும் அந்த நினைவு செல்கள்தான் முந்திக்கொண்டு பழைய ஆன்டிபாடியைத் தயாரிக்கும். அது புது வைரஸில் ஒட்டும், ஆனால் முடக்காது. அண்ணன் முகத்தை மட்டும் அறிந்த காவலாளி, தம்பியைக் கைப்பிடித்து உள்ளே விடுகிற கதைதான்: ஆன்டிபாடி ஒட்டிய வைரஸ் வெள்ளை அணுக்களுக்குள் சுலபமாகப் புகுந்து பெருகிவிடும். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனாலும் இரண்டாவது தடவைதான் ஆபத்து கூடுதல்.

மச்சினனுக்கு அந்த இரண்டாவது காய்ச்சல் கண்ட மறுநாளே ஒரு லேபில் ஐஜிஎம் என்ற ஒருவகை ஆன்டிபாடியை மட்டும் பார்த்து, "டெங்கு இல்லை" என்று சீட்டு கொடுத்தார்கள். அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் தெரிய நாலஞ்சு நாளாகும். அதற்கு முன்னால், வைரஸின் புரதத்தையே தேடுகிற என்எஸ்1 சோதனைதான் பார்க்க வேண்டும். இரண்டாவது தொற்றில் ஐஜிஎம் சரியாகத் தெரியாமலே போவதும் உண்டு. இதையெல்லாம் போட உங்களுக்கு இடம் ஏது? மழை பிடித்தால் நிலவேம்புக் கசாயம் ஊற்றும் படம் நாலு பத்திக்கு வரும். ராசிபலனுக்கு முழுப் பக்கம். குளத்துக் கழிவு பற்றி நான் எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக நறுக்கி, ஊரையும் திருநெல்வேலி மாவட்டம் என்று போட்டீர்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019-ல் ஐயா.

சரி, கேட்பது இவ்வளவுதான். திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். எந்த நாளில் எந்தச் சோதனை என்று ஒரு சின்னக் கட்டமும் சேருங்கள். இடம் போதாவிட்டால் என் ராசியை அந்த வாரம் விட்டுவிடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கடையநல்லூர், தென்காசி மாவட்டம்