ஆய்வு வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், சந்தா கட்டிவிட்டு வராத உறுப்பினர்களுக்கும், சந்தாவும் கட்டாமல் வரவும் செய்யாத உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் மேலாண்மைக் கல்லூரியின் ஆசிரியர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தும் ஆய்வு வட்டத்தின் இந்த ஆண்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஜூனில் தொடக்கக் கூட்டம் நடந்தது. செப்டம்பரில் புள்ளியியல் மென்பொருள் பயிற்சி இரண்டு நாள் நடந்தது. பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்கு வட்டத்தின் சார்பில் பரிசு கொடுத்தோம். மார்ச்சில் தேசியக் கருத்தரங்கு சிறப்பாக நடந்தது. சான்றிதழ் வாங்கியவர்கள் எத்தனை பேர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரங்கில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்ற விவரத்துக்குள் நான் போகவில்லை.

மாதக் கூட்டம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இரண்டாம் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கட்டுரை வாசிப்பு என்பது நாம் எல்லோரும் கைதூக்கி முடிவு செய்தது. முகூர்த்த நாளில் கூட்டம் குறைவது சகஜம்தான். ஆவணியிலும் தையிலும் ஒரே நாளில் மூன்று கல்யாண மண்டபத்தில் தலைகாட்ட வேண்டிய ஊர் இது. ஆனால் அஷ்டமி, நவமியன்றும் வராதவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆய்வு மாணவர்கள் தவறாமல் வந்தார்கள், நன்றாகவே வாதம் செய்தார்கள். நெறியாளர்கள் வந்திருந்தால் அவ்வளவு பேசியிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை ஆய்வுப் பதிவேடு, அதாவது உறுப்பினர்கள் வெளியிட்ட கட்டுரைகளையெல்லாம் சரிபார்த்து ஒரே இடத்தில் பதிவது. இது செயலாளரின் சொந்த ஆசை, வட்டத்துக்கு இதனால் என்ன லாபம் என்று கேண்டீனில் பேச்சு அடிபட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு ஆண்டும் தரவரிசைக்குத் தகவல் அனுப்பும் நேரம் வந்ததும் அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வரும்: "உங்கள் கட்டுரைகளின் விவரத்தை நாளை மாலைக்குள் அனுப்பவும்." அப்புறம் ஆளாளுக்குப் பழைய பென்டிரைவைத் தேடுவார்கள். ஒரே கட்டுரையை மூன்று பேர் தனித்தனியாக அனுப்புவார்கள்; பட்டியலில் அது மூன்று கட்டுரையாக ஏறும். இப்படிச் சேர்த்த எக்ஸெல் தாளைப் பார்த்து நாமே சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காரர்கள் நம் தாளை வைத்துக் கட்டுரைகளை எண்ணுவதில்லை. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறார்கள். மேலாண்மைக் கல்லூரிகளுக்கு 100 மதிப்பெண்ணில் 30 ஆய்வுக்கும் தொழில்சார் பணிக்கும் போகிறது. கற்பித்தலுக்கும் அதே 30 தான். அப்படியிருக்க, அங்கே என்ன பதிவாகியிருக்கிறது என்று நமக்கே தெரியாமல் இருந்தால் எப்படி?

சரிபார்க்க உட்கார்ந்ததும் முதலில் இடித்தது பெயர். நம் கல்லூரியின் பெயரை ஒருவர் சுருக்கி எழுதியிருக்கிறார், ஒருவர் விரித்து எழுதியிருக்கிறார், இன்னொருவர் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் போட்டுவிட்டு நம்மை அடியோடு விட்டுவிட்டார். அந்தக் கட்டுரை எந்தக் காலத்திலும் நம் கணக்கில் வராது.

அடுத்தது இனிஷியல். எஸ். செந்தில்குமார் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் செந்தில்குமார் எஸ்., அடுத்ததில் செந்தில் தனியாக குமார் தனியாக, மூன்றாவதில் இனிஷியலை விரித்து செந்தில்குமார் சுப்பிரமணியம். தரவுத்தளத்துக்கு இனிஷியல் முறை தெரியாது. கடைசியில் நிற்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு ஒரே ஆளை மூன்று ஆளாக்கி வைத்திருக்கிறது. எச்-இண்டெக்ஸ் என்பது 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை அளக்க முன்வைத்த கணக்கு: ஐந்து கட்டுரைகள் ஒவ்வொன்றும் ஐந்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எச் ஐந்து. ஆளே மூன்றாக உடைந்தால் ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டும் ஒன்றும்தான் தெரியும். மிச்சப் பெருமையெல்லாம் அப்பா சுப்பிரமணியம் கணக்கில் போய்ச் சேரும். இதற்கு மருந்து ஆர்சிட் எண், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடைக்கும் அடையாள எண். 16 இலக்கம், காசு கிடையாது, பதிவு செய்ய ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும். எத்தனை முறை கேட்டும் பலர் இன்னும் எடுக்கவில்லை.

மூன்றாவது விஷயம் கசப்பானது. எந்த இதழில் வெளியிட்டோம் என்பது. தரமான இதழ்கள் என்று யூ.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியல் இருந்தவரை, "பட்டியலில் இருக்கிறது சார்" என்று சொல்லித் தப்பிக்கலாம். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே யூ.ஜி.சி. கைவிட்டுவிட்டது. இதழின் தரத்தை எடைபோடும் பொறுப்பு இப்போது கல்லூரியின் தலையில், அதாவது நம் தலையில். அதனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் இதழின் பெயர், அதன் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்., வலைத்தள முகவரி மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்தோம். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலித் தளம் வைத்துப் பணம் வசூலிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ஏழு நாளில் பிரசுரம், கட்டுரை ரெடி, முதல் ஆசிரியர் இடத்துக்கு ஒரு ரேட், நான்காவது இடத்துக்கு ஒரு ரேட். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுகிற மாதிரி.

இந்தச் சரிபார்ப்பில் சில பதிவுகளைத் தனிப் பக்கத்தில் ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. பெயர்கள் இந்த அறிக்கையில் வராது. ஆனால் அதற்குப் பிறகு சில உறுப்பினர்கள் வராண்டாவில் என்னைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், வெளியான பிறகு குளறுபடி தெரிந்து, திரும்பப் பெறப்பட்டன. அப்படித் திரும்பப் பெறப்பட்டவற்றுக்குத் தரவரிசையில் மதிப்பெண்ணைக் குறைக்கப் போவதாகவும் அறிவித்துவிட்டார்கள். நாளைக்கு வெளியில் யாரோ கண்டுபிடித்துச் சொல்வதைவிட இன்று நமக்குள் தெரிவது மேல். பதவி உயர்வு விண்ணப்பத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது அவரவர் விருப்பம். பதிவேட்டில் அது செல்லாது.

பதிவேட்டைப் புரட்டியதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தலைப்புகளில் பெரும்பாதி "கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு" என்று முடிகிறது. மீதி "திருப்பூர் மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு". உள்ளே போனால் மாவட்டம் இல்லை. பணி நிறைவு, வாடிக்கையாளர் மனநிலை, ஐந்து புள்ளி அளவுகோல், கடைசியில் "சம்பளம் கூடினால் நிறைவு கூடும்". பனியன் கம்பெனியின் இடத்தில் சிமெண்ட் கம்பெனியை வைத்தாலும் கட்டுரையில் ஒரு வரி மாறாது. நூலைத் துணியாக்கி, சாயம் போட்டு, காம்பேக்டிங், கட்டிங், பவர் டேபிளில் தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என்று ஒரு டி-சர்ட் எத்தனை கைமாறுகிறது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் யார் யாருக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கிறார்கள்? நம் வீட்டு ஆட்களுக்கே தெரிந்த இந்த விஷயம் நம் கட்டுரைகளில் இல்லை.

இந்தத் தொழிலின் உள்விஷயத்தை எழுதியவர்கள் வெளியூர்க்காரர்கள். பொருளாதார அறிஞர்களான கைவன் முன்ஷியும், 2019-ல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் முதலீடு எப்படிப் பங்கிடப்படுகிறது என்று ஆராய்ந்து 2004-ல் பொருளாதாரத் துறையின் முன்னணி இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். இந்த மண்ணின் சமூகத்தார் நடத்தும் கம்பெனிகளில் முதலீடு அதிகம். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலீட்டில் தொடங்கி வேகமாக வளர்ந்தார்கள். உறவும் நம்பிக்கையும் இருக்கிற பக்கம் பணம் போகிறது, திறமை இருக்கிற பக்கம் அவ்வளவாகப் போவதில்லை என்பது சாரம். நமக்குச் சங்கடமான முடிவுதான். ஆனால் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. அவினாசி ரோட்டில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். நம்மில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை, அல்லது தோன்றியும் கேட்கவில்லை.

இதையொட்டித்தான் பதிவேட்டோடு ஒரு கிளை வேலையாக ஒரு பக்கச் சுருக்கம் தொடங்கினேன். உறுப்பினர் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு பக்கம். யாரிடம் வினாத்தாளை நிரப்பி வாங்கினோமோ அவர்களிடமே அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது. இதற்கு விதை போட்டவர் திருப்பூரில் பவர் டேபிள் யூனிட் வைத்திருக்கும் ஒருவர். ஓர் ஆய்வு மாணவருக்கு அறிமுகம் செய்து வைக்கக் கூடப் போயிருந்தேன். மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவர் கேட்டார்: "ஏனுங்க சார், போன வருசம் ஒரு புள்ள வந்து நாலு பக்கம் எழுதி வாங்கிட்டுப் போச்சே, அது என்னாச்சுங்க?" மாணவர் என்னைப் பார்த்தார். எழுதி வாங்கிப்போனது நம் கல்லூரிப் பெண்தான், கட்டுரையும் வெளிவந்துவிட்டது. அதைப் படிக்கக் காசு கட்ட வேண்டும், கட்டினாலும் இங்கிலீஷில் இருக்கும்.

அவரே தொடர்ந்து சொன்னதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். சின்ன யூனிட்டுகளுக்கு நல்லது செய்யத்தான் கொண்டு வந்தார்கள். குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்துகொள்ளும் பதிவுதான் உதயம். "நல்லதுதானுங்க. ஆனா உதயம் பதிவு வச்சிருக்கியான்னு மொதல்ல கேக்கறாங்க. ஆமான்னா யோசிக்கறாங்க." இரண்டு வரியில் ஒரு முனைவர் பட்டத்துக்கு உண்டான கேள்வி. மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தரவு கிடைக்காது, இதழ்கள் ஏற்காது, கம்பெனிக்காரர்கள் கணக்கைக் காட்ட மாட்டார்கள் என்று மூன்று பதில்கள் வந்தன. ஒருவர் மட்டும் குறித்துக்கொண்டார். அவர் ஆய்வு மாணவி.

சுருக்கங்களில் முதல் தொகுதி தயாராகி, கொடுக்க வேண்டிய இடங்களில் கொடுத்தாயிற்று. பெரும்பாலானவற்றை நானே எழுதினேன், ஏனென்றால் கட்டுரை ஆசிரியர்களிடமிருந்து வரவில்லை. ஒரே பக்கம் தமிழில் எழுதுவதற்குக் கட்டுரையை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டியிருக்கும் என்பது தடையாக இருக்கலாம்.

நூலகம் பற்றி: மத்திய அரசே ஆய்வு இதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். இப்போதைக்கு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். நம் போன்ற சுயநிதிக் கல்லூரிகள் வாசலில் நிற்கின்றன. நிர்வாகத்திடம் தரவுத்தளச் சந்தாவுக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். பரிசீலனையில் இருக்கிறது.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவுக்குள் செலவு அடங்கியது, கையிருப்பு சொற்பம். இதர செலவு கொஞ்சம் பெரிதாகத் தெரியலாம். ஜெராக்ஸ், பதிவேட்டு அச்சு, டீ, மிக்சர் எல்லாம் அதில் அடக்கம். பெட்ரோல் அடங்கவில்லை.

ஆண்டுச் சந்தா 500 ரூபாய். ஏறக்குறைய பாதிப்பேர் இன்னும் பாக்கி. 43பி(எச்) நமக்குப் பொருந்தாது என்ற தைரியம் என்று நினைக்கிறேன். 45 நாள் அல்ல, ஆண்டே முடிந்துவிட்டது. தாமதமாகப் பணம் வருவதால் சிறு நிறுவனங்கள் படும் பாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதிய இருவரும் பாக்கிப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

ஆதரவு தந்த தாளாளர் அவர்களுக்கும், அரங்கு கொடுத்த முதல்வர் அவர்களுக்கும், கேட்ட இதழையெல்லாம் எப்படியோ தேடித் தந்த நூலகர் அவர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், கேண்டீன் அண்ணாவுக்கும் நன்றி. பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுத்த ஆய்வு மாணவர்களுக்குத் தனியாக நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. எனக்கு மூன்று ஆண்டுப் பதவிக்காலம் முடிகிறது. யாராவது முன்வந்தால் சாவியையும் பதிவேட்டையும் இன்றே ஒப்படைக்கத் தயார். ஒரே நிபந்தனை, ஒதுக்கி வைத்த பக்கம் ஒதுக்கியே இருக்க வேண்டும். யாரும் முன்வராவிட்டால் கூட்டம் சொல்கிறபடி நடக்கிறேன். அப்படி நானே தொடர வேண்டுமென்றால் இரண்டு பேர் துணைக்கு வேண்டும். அதில் ஒருவர் பேராசிரியராக இருந்தால் நல்லது. இரண்டாவது தொகுதிச் சுருக்கங்களுக்குப் பேப்பர் வாங்கக் கையில் பணம் இல்லை. ஜிபே ஸ்கேன் அட்டை மேசை மேல் இருக்கிறது. பொருளாளர் கூட்டம் முடியும்வரை இங்கேதான் இருப்பார். ரசீது உடனே கிடைக்கும். ஆர்சிட் எண் எடுக்காதவர்களுக்கு லேப்டாப்போடு ஆய்வு மாணவர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இவண்,
செயலாளர்