டேபிள் சோ கார்ட்டிலயே தூசு இழுக்கிற பைப்பும் வரட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

டேபிள் சோவுக்கு, அதுதான் மேசைக்கு நடுவால பிளேட் நீட்டிக்கொண்டு சுத்துற வாள் மெஷினுக்கு, கார்ட் எண்ட பிளேட் மூடியைப் போட்டு வேலை செய்யுங்கோ எண்டு சொல்லுறதுக்கு கனபேர் இருக்கினம், ஏன் அதைக் கழட்டி வைக்கினம் எண்டு கேக்கிறதுக்குத்தான் ஆளில்ல. நான் முறிகண்டிப் பக்கம் சின்னதா ஒரு தச்சுப்பட்டறை வச்சிருக்கிறன், கதவு நிலை, ஜன்னல், கட்டில், அலுமாரி, இப்ப கொஞ்சக் காலமா பான்ரி கபேட்டும் செய்யிறம். கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு எண்டு இதே தொழில் செய்யிற ஆக்களோட போக்குவரத்தும் இருக்கு. எந்தப் பட்டறைக்குள்ள போனாலும் கார்ட் சுவராணியில தொங்கும், இல்லாட்டி மேசைக்குக் கீழ தூளுக்க புதைஞ்சு கிடக்கும். கேட்டா எல்லாரும் ஒரே கதைதான் சொல்லுவினம், வெட்டிற கோடு தெரியேல்ல, உள்ளுக்க தூள் அடைச்சுப் போகுது, ஒடுங்கின சட்டம் கிழிக்கேக்க இடைஞ்சல். தூள் அடைக்கிறதை நிப்பாட்டினா கோடு தெரியாத பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்திடும், ஏனெண்டா கார்ட்டின்ர கண்ணாடிபோல பக்கத்தை மறைக்கிறதே அந்தத் தூள்தான். அதால கார்ட்டுக்கு மேல ஒரு ஓட்டை வெட்டி அதில தூசு இழுக்கிற ஓஸைப் பூட்டுங்கோ எண்டு சொல்லத்தான் இந்தக் கடிதம். பிரயோசனமில்லாத சாமானைத்தான் மனுசன் கழட்டி எறிவான், தூசைக் குடிக்கிற கார்ட்டை ஒருத்தரும் கழட்டமாட்டினம்.

எங்கட ஆக்கள் சிலர் மேசைக்குக் கீழ பலகையால பெட்டி அடிச்சு அதில பைப் வச்சிருக்கினம், நல்ல விஷயம்தான், தூளில பெரும்பங்கு கீழதான் போகுது. ஆனா மேல வாற கொஞ்சம்தான் நேர மூக்குக்கு வருது. பிளேட் சுத்துறதைக் கவனிச்சுப் பாருங்கோ, முன்பக்கத்துப் பல்லு மரத்தைக் கடிச்சுக்கொண்டு கீழ இறங்குது, பின்பக்கத்தால திரும்ப ஏறி, உச்சியில வரேக்க நாங்கள் நிக்கிற பக்கம் பாத்துத்தான் ஓடி வருது, கீழ விழாமல் பல்லிடுக்கில மிஞ்சின தூளை அப்பிடியே முகத்துக்கு வீசுது. 10 அங்குல பிளேட் நிமிசத்துக்கு 4000 சுத்து சுத்தினா பல்லு நுனி செக்கனுக்கு 50 மீற்றருக்கு மேல போகும், மணிக்குக் கணக்குப் பாத்தா 190 கிலோமீற்றர், ஏ9 ரோட்டில ராத்திரி ஓடுற சொகுசு பஸ்ஸும் அவ்வளவு ஓடாது. அதிலயும் பலகையின்ர ஓரத்தை மெல்லிசா சீவி எடுக்கிற வெட்டு இருக்கே, பிளேட்டின்ர ஒரு பக்கம் மரத்துக்கு வெளியில திறந்தபடி நிக்கும், அந்த வெட்டிலதான் தூசு மழை. கீழ எவ்வளவு பெரிய புளோவர் (தூசை இழுக்கிற விசிறி மோட்டர்) வச்சாலும் அதைப் பிடிக்கேலாது.

தூசு எண்டா என்ன, தும்மல்தானே எண்டு சிரிக்கிற பெடியளுக்கு ஒண்டு சொல்லோணும். உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995 இலயே மரத்தூசை மனுசருக்குப் புற்றுநோய் உண்டாக்கிற சாமான் எண்டு முதலாம் பிரிவில போட்டிட்டுது, சிகரெட் புகையும் அஸ்பெஸ்ரசும் இருக்கிற அதே பிரிவு. இங்கிலாந்தில ஹை விக்கம் எண்டு கதிரை செய்யிறதுக்குப் பேர்போன ஊர் ஒண்டு இருக்கு, அங்க தளபாட வேலை செய்த ஆக்களுக்கு மூக்குக்குள்ள வாற ஒரு அரிய வகைப் புற்றுநோய் வழமையைவிட எவ்வளவோ கூட வந்ததை 1960 களிலயே டொக்டர்மார் கண்டுபிடிச்சவை. வைரமான மரத்தின்ர தூசுதான் அதில முக்கியமான ஆள். எங்கட வன்னியில நாங்கள் என்ன பஞ்சையா அறுக்கிறம், பாலை, முதிரை, தேக்கு, வேம்பு, மகோகனி எல்லாம் வைரம்தான். முதிரை அறுத்தா கை கழுத்தெல்லாம் சொறியிறதும் தடிக்கிறதும் இந்தத் தொழிலில இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, தேக்கும் சிலருக்கு அதே வேலையைக் காட்டும். பான்ரி வேலைக்கு வாற, மரநாரைப் பசையோட அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை இன்னும் மோசம், அதின்ர தூசு மாப்போல மெல்லிசு, ஒட்டுறதுக்குப் போட்ட பசையில போர்மல்டிஹைட் எண்ட நச்சுச் சாமான் வேற இருக்கு.

கண்ணுக்குத் தெரியிற தூள் பெரும்பாலும் மூக்கோட நிண்டிடும், 10 மைக்ரோனுக்குக் குறைஞ்சதுதான் நெஞ்சுக்குள்ள போய் இருக்கிறது, அது ஒரு தலைமயிரின்ர தடிப்பில ஏழில ஒரு பங்குகூட வராது. லேஞ்சி கட்டினா அதை மறிக்கேலாது, கொரோனாக்கு வாங்கி மிஞ்சின நீல மாஸ்க்கும் முகத்தோட இறுக்கமா ஒட்டாததால அவ்வளவு உதவாது, என்95 எண்டு எழுதிக் கிடக்கிறது வேணும். பின்னேரம் வேலை முடிய கொம்பிரசரால மேசை, உடுப்பு, தலை எல்லாத்துக்கும் காத்தடிச்சுத் துப்பரவு செய்யிறது எங்கட எல்லாற்ற பட்டறையிலயும் நடக்கிற கூத்து, படிஞ்சு கிடந்த நுண்ணியதையெல்லாம் திரும்பக் கிளப்பி மூச்சில எடுக்கிற வேலை அது.

இனி கார்ட்டுக்கு வருவம். எங்கட மெஷின் அரைவாசி எல் அயனும் பொக்ஸ் பாரும் வச்சு வெல்டிங் கடையில ஒட்டின மேசை, கீழ மோட்டர், பெல்ட், அவ்வளவுதான், பிளேட்டுக்குப் பின்னால நிக்கவேண்டிய அந்த மெல்லிய தகடுகூட இல்ல. அந்தத் தகடு முதல் வரோணும், வெட்டின மரம் நெருங்கி வந்து பிளேட்டைப் பிடிச்சு எங்கட வயித்துக்குத் திருப்பி அடிக்கிறதை மறிக்கிறது அதுதான், கார்ட் அந்த வேலையைச் செய்யாது. தகட்டின்ர தடிப்பு பிளேட்டின்ர உடம்பைவிடக் கொஞ்சம் கூடவும், பல்லு வெட்டிற அகலத்தைவிடக் கொஞ்சம் குறையவும் இருந்தாச் சரி. கார்ட்டை அதில பூட்டாமல் மேல இருந்து இறங்கிற இரும்புக் கையில தொங்கவிடுறது எங்கட மேசையளுக்குத் தோது, கூரை வளை உறுதியா இருந்தா அதில இருந்து இறக்கலாம், தகரக் கொட்டில் எண்டா ஆடும், அப்ப மேசையின்ர பக்கத்தில பொக்ஸ் பார் தூண் நட்டு அதில இருந்து கையை நீட்டோணும். கை ரெண்டு சமாந்தரக் கம்பியில ஏறி இறங்கிறமாதிரி இருந்தா தடிச்ச பலகை வந்தாலும் கார்ட் சரியாம மட்டமா எழும்பும்.

கார்ட்டின்ர ரெண்டு பக்கமும் 4 இல்லாட்டி 5 மில்லிமீற்றர் பொலிகாபனேட் எண்ட உறுதியான கண்ணாடிபோல பிளாஸ்ரிக், மேலயும் முன்னுக்கும் பின்னுக்கும் பிளைவுட் போதும். கடையில பேர்ஸ்பெக்ஸ் மலிவாத் தருவினம், அது வேண்டாம், அடி விழுந்தா துண்டு துண்டா உடைஞ்சு பறக்கும். முன்பக்கக் கீழ் விளிம்பைச் சாய்வா வெட்டினா பலகை தள்ளிக்கொண்டு வரேக்க தானே ஏறிக் குடுக்கும். ஓஸ் பூட்டிற ஓட்டை மேல, நடுவிலும் பாக்க முன்பக்கம் சாய்ஞ்சு இருந்தா நல்லம், ஏனெண்டா தூள் வந்து மோதுறது முன்பக்கத்திலதான், ஓஸை மாத்திரம் பின்பக்கமா வளைச்சு மேல கொண்டுபோங்கோ, கண்ணை மறைக்காது. நாலு பக்கமும் இறுக்கி அடைச்சா நல்லா இழுக்கும் எண்டு நினைக்கிறது பிழை, காத்து உள்ள போக வழியில்லாட்டி இழுவையும் இல்ல, பலகைக்கும் விளிம்புக்கும் இடையில கொஞ்ச இடைவெளி வேணும். ஒடுங்கின சட்டம் கிழிக்கேக்க கார்ட் வேலியில, அதுதான் பலகையை நேராப் பிடிக்கிற வழிகாட்டிக் கட்டையில, முட்டும்தான், அதைப் பொய் சொல்லக்கூடாது, அந்த வேலைக்குக் கார்ட் தொங்கிற இரும்புக் கையை ஒதுக்கி வச்சிட்டுத் தள்ளுகட்டையால தள்ளவேண்டியதுதான், முடிய திரும்ப இறக்கிறது லேசா இருந்தா இறக்குவினம், நாலு நட்டுக் கழட்டவேணுமெண்டா ஒருநாளும் திரும்பப் பூட்டமாட்டினம்.

இஞ்ச எங்களுக்கு இன்னொரு விசேஷம் இருக்கு, கொழும்பிலயோ கண்டியிலயோ இருக்கிற தச்சனுக்கு இது விளங்காது. எங்கட மரங்களுக்குள்ள செல் பீசும் சன்னமும் இருக்கு. யுத்த நேரம் அடிச்சது மரத்துக்குள்ள போய், அதுக்கு மேல மரம் வளந்து மூடி, வெளியில ஒரு அடையாளமும் தெரியாது, அறுக்கேக்க டொங்கெண்டு சத்தம் கேட்டாத்தான் தெரியும். அப்ப பிளேட்டின்ர கார்பைட் பல்லு உடைஞ்சு பறக்கும், கார்ட் இருந்தா அதில படும், இல்லாட்டி எங்க படும் எண்டு நான் எழுதத் தேவையில்ல. இதோட தூசு இழுக்கிறதைச் சேக்கேக்க ஒரு கவனம் வேணும், இரும்பில பட்டு வாற நெருப்புப்பொறியும் ஓஸுக்குள்ளாலதான் போகும், போய்க் காஞ்ச தூளுக்க கிடந்து மணித்தியாலக் கணக்காப் புகைஞ்சு ராத்திரி பத்தும். அதால தூள் சேர்றது தகரப் பரலா இருக்கோணும், யூரியாப் பை கட்டாதேங்கோ, அது நெருப்புக்கும் ஆகாது, நுண்ணிய தூசையும் நெசவு இடைவெளியால திரும்ப வெளியில விட்டிடும். பரல் பட்டறைக்கு வெளியில நிக்கோணும், பொழுதுபட வெறுமையாக்கோணும். புளோவருக்கு முன்னால பரல் வாறமாதிரி வச்சா இரும்புத்துண்டும் மரக்கட்டையும் பரலிலயே விழும், புளோவரின்ர விசிறியில போய் அடிக்காது.

புளோவருக்கு எங்க போறது எண்டு கேப்பியள். வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் வக்கியூம் கிளீனர் அனுப்புறன் எண்டு சொல்லுவினம், கனடாவில இருந்து எண்டா வேண்டாமெண்டு சொல்லுங்கோ, அங்க வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், எங்கட 230 இல குத்தினா புகைதான், லண்டன், சுவிஸ், ஜேர்மனி எண்டாப் பரவாயில்ல. வக்கியூம் இறுக்கி இழுக்கும், ஆனா இழுக்கிற காத்தின்ர அளவு குறைவு, கார்ட்டுக்கு மாத்திரம் ஒண்டரை, ரெண்டு அங்குல ஓஸில போட்டாக் காணும், மேசைக்குக் கீழயும் சேத்து இழுக்க ஏலாது. ரெண்டுக்கும் வேணுமெண்டா உண்மையான புளோவர் வேணும். 4 அங்குல பைப்பில மரத்தூள் படியாமல் ஓட செக்கனுக்கு 20 மீற்றர் வேகம் வேணும், அதுக்கு மணிக்கு 600 கனமீற்றர் காத்து இழுக்கோணும். அந்த 4 அங்குலம் மேசைக்குக் கீழ போகட்டும், அதில இருந்து கிளை பிரிச்சு ரெண்டரை அங்குலம் கார்ட்டுக்கு. கிளைக்கும் காத்து வேணும் எண்டதால புளோவரை 600 இலும் கொஞ்சம் கூட இழுக்கிறதாப் பாத்து எடுங்கோ. நெளிவு ஓஸ் எவ்வளவு கட்டையோ அவ்வளவு நல்லம், உள்ள வரிவரியா இருக்கிறது காத்தை மறிக்கும், மிச்சத்துக்குச் சாதாரண பிவிசி பைப், வளைவுக்கு 90 பாகை எல்போ ஒண்டுக்குப் பதிலா 45 பாகை ரெண்டு. பிவிசியில தூள் ஓடேக்க கரண்ட் அடிச்சமாதிரி சுள்ளெண்டும், வெறும் செப்புக் கம்பியைச் சுத்தி எர்த் பண்ணிவிட்டா அந்தக் கரைச்சல் குறையும்.

இதுக்கெல்லாம் எஞ்சினியர் தேவையில்ல. பரந்தனிலயும் கிளிநொச்சியிலயும் நெல்லு மில்லுகளைப் போய்ப் பாருங்கோ, உமியை இழுத்துக்கொண்டுபோய் வெளியில கொட்டுற புளோவரும் தகரத்தில உருட்டின கூம்பும் எத்தினை வருசமா ஓடுது. காத்தோட வாற உமி கூம்புக்குள்ள சுழண்டு பாரத்தால கீழ விழும், காத்து மேலால போகும். அதைச் செய்யிற அதே தகரவேலைக்காரரிட்ட அதே சாமானைச் சின்னனாச் செய்து தாங்கோ எண்டு கேட்டாச் சரி. உமிக்கு இவ்வளவு ஏற்பாடு செய்த ஊர் மரத்தூசை மாத்திரம் ஏன் நெஞ்சால வடிகட்டுது எண்டு எனக்கு விளங்கேல்ல. கரண்ட் பில்லைச் சொல்லிப் பின்வாங்கிற ஆக்களும் இருக்கினம், ஒரு ஹோர்ஸ் பவர் புளோவர் முக்கால் கிலோவாட் அளவிலதான் எடுக்கும், சோ ஓடுற நேரம் மட்டும் ஓடினாப் போதும், ரெண்டையும் ஒரே நேரத்தில ஸ்ராட் பண்ணாமல் புளோவரை முதல் போட்டு வேகமெடுத்த பிறகு சோவைப் போட்டா ட்ரிப் அடிக்கிற பிரச்சினையும் குறைவு. இவ்வளவு செய்தாலும் முழுத் தூசும் போகாது, எம்டிஎஃப் அறுக்கிறதெண்டா மாஸ்க்கைக் கழட்டேலாது.

மெஷினின்ர ஆபத்தான பகுதியை மூடி வைக்கோணும் எண்டு 1942 ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்லுது, ஆனா எங்களைப்போல தகரக் கொட்டில் பட்டறைகளுக்கு ஆர் வந்து பாக்கினம். சட்டத்தைவிட எனக்கு நம்பிக்கை ரெண்டு இடத்தில. ஒண்டு, மரவேலை படிப்பிக்கிற தொழிற்பயிற்சி நிலையங்கள். அங்க படிக்கிற பெடியன் முதல்நாள் காணுற சோவில ஓஸ் பூட்டின கார்ட் இருந்தா அவனுக்கு அதுதான் சோ, கார்ட் இல்லாத மெஷினைக் கண்டா பிறகு அவனே கேப்பான். மற்றது, வாழ்வாதார உதவி எண்டு மெஷின் வாங்கிக் குடுக்கிற நிறுவனங்களும் புலம்பெயர்ந்த சங்கங்களும். நல்ல மனசோடதான் குடுக்கினம், குறை சொல்லேல்ல, ஆனா விலைமனுக் கேக்கேக்க மெஷின் ஒண்டு எண்டு மட்டும்தான் எழுதுகினம், கடைக்காரர் ஆகக் குறைஞ்ச விலைக்கு மொட்டை மெஷினைத் தூக்கிக் குடுக்கிறார். அந்தக் கடதாசியில இன்னும் ரெண்டு வரி சேத்து எழுதச் சொல்லித்தான் உங்கட பத்திரிகை மூலமாக் கேக்கிறன்: பிளேட்டுக்குப் பின்தகடு, தனியா ஏறி இறங்கிற கார்ட், அதின்ர மேல்பக்கம் ரெண்டரை அங்குல வாய், கீழ 4 அங்குல வாய், ஒரு ஹோர்ஸ் பவர் புளோவர், மூடியோட தகரப் பரல். புளோவருக்குக் காசு காணாட்டி வாய் வச்ச கார்ட்டை மட்டுமாவது கேளுங்கோ, புளோவரைப் பிறகு நாங்கள் தகரவேலைக்காரரிட்டச் செய்விச்சுக்கொள்ளுவம்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி ஒருவர்,
முறிகண்டி.