பளபளப்பும் பச்சைப் பிசுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய நாணயங்களைப் பற்பசை போட்டுத் தேய்த்து மின்னவைக்கலாம் என்று ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்துப் பதறிப்போனேன். நாணயம் மின்னும்தான், ஆனால் மேற்பரப்பெங்கும் நுண்ணிய கீறல் விழும். விவரம் தெரிந்த சேகரிப்பாளர் எவரும் பிறகு அதைச் சீந்தமாட்டார்.

பளபளப்பைவிட, நாணயத்தைப் போட்டுவைக்கும் உறைதான் முக்கியம். ஆல்பத்தைக் காட்ட வருகிறவர்களிடம், உறையை முகர்ந்து பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். புது மழைக்கோட்டின் வாடை அடித்து, தொட்டால் மெத்தென்று வளைந்தால் அநேகமாக அது பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் நாளடைவில் கசியும்; பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வெளிவரும். நாணயத்திலுள்ள எழுத்துகளின் இடுக்குகளில் பச்சையாகப் பிசுபிசுக்கும். செம்பு நாணயம் என்றால் கேட்கவே வேண்டாம். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் அசிட்டோன் என்ற கரைப்பானில், கலப்பில்லாததாகப் பார்த்து, நாணயத்தை அமிழ்த்தி எடுக்கலாம். ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு அருகில் இல்லாமல், முக்கியமாகத் தேய்க்காமல்! நகப்பூச்சு நீக்கும் திரவம் உதவாது. அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கும். உலோகம் அரித்துக் குழி விழுந்துவிட்டால் எதுவும் செய்வதற்கில்லை.

மைலார் என்ற பாலியெஸ்டர் படலத்தில் செய்த உறை விறைப்பாக இருக்கும், கையாளும்போது சலசலக்கும். கொஞ்சம் எரிச்சலூட்டும் பொருள்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள். நாணயத்தை உள்ளே வைத்து மூடும், மைலார் ஜன்னல் வைத்த அட்டை என்றால், அதை மூடப் போட்ட ஸ்டேப்ளர் பின்னின் முனைகளை இடுக்கியால் தட்டையாக்குங்கள். இல்லையேல் பக்கத்து உறையைக் கிழித்து அதிலுள்ள நாணயத்தையும் கீறும். நாணயத்தை வெளியே எடுக்குமுன் பின்களை முழுவதும் கழற்றிவிடுங்கள். பிடிப்பது எப்போதும் விளிம்பில்தான். கீழே மெத்தென்ற துணி விரித்திருக்கட்டும்.

பற்பசைக் குறிப்புக்கு அடுத்த ஞாயிறே ஒரு திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாணயம் சேர்க்கும் வாசகர்