லினக்ஸை முதல் நாளே நிறுவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுபோனது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓராண்டு நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாத பழைய கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பதையும் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால் கடைசிப் பத்தியில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டால் போதும், இலவசம், வைரஸும் வராது என்று மூன்றே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் உறுத்தியது. எனக்கு லினக்ஸ் மேல் கோபம் ஒன்றும் இல்லை, வீட்டில் ஐந்தாறு வருடமாக அதுதான் ஓடுகிறது. அந்த மூன்று வரியை நம்பி சனிக்கிழமை ராத்திரி விண்டோஸை அழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டாரிடம் திட்டு வாங்கப்போகிறவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். நானும் அப்படி வாங்கியவன்.

2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்றபோதும் எங்கும் இதே பேச்சுதான். அப்போது எங்களிடம் இருந்தது 4 ஜிபி நினைவகம் உள்ள ஒரு பழைய மடிக்கணினி. கோப்புகளையெல்லாம் வெளி வட்டு ஒன்றில் எடுத்து வைத்தேன், அந்தப் புத்தியாவது இருந்தது. அப்புறம் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை இறக்கி, பென்டிரைவில் எழுதி, வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அழகான திரை வந்து நின்றது, பெருமையாகக்கூட இருந்தது. வைஃபை மட்டும் இல்லை. அந்த வைஃபை சில்லை இயக்கும் நிரலை, அதாவது டிரைவரை, தனியாக இறக்க வேண்டுமாம். இறக்க இணையம் வேண்டும், இணையம் வர அந்த டிரைவர் வேண்டும். கிணற்றில் இறங்க ஏணி தேடினால் ஏணி கிணற்றுக்குள்ளேயே கிடக்கிற கதை. கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியவே இரவு ஒரு மணி ஆகிவிட்டது. அதைக் கொடுத்ததும் இரண்டே நிமிடத்தில் வைஃபை வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

காலையில் அப்பா உட்கார்ந்தார். அவர் பல வருடமாகத் தட்டி வைத்த கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தவை. ஒன்றைத் திறந்தார். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக ஒரு பக்கம் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. “என்னடா, எல்லாம் போச்சா?” என்றார். எதுவும் போகவில்லை. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் தட்டும்போது கோப்புக்குள் சேமிக்கப்படுவது தமிழே இல்லை, ஆங்கில விசைகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினி எதுவானாலும், விண்டோஸாகவே இருந்தாலும், முகம் கழன்றுவிடும். கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும், புள்ளியில் தொடங்கும் கோப்புறைகள் தெரியும். அங்கே எழுத்துருக்களுக்கான இடத்தில் பாமினியைக் கொண்டுபோய்ப் போட்டேன், கடிதங்கள் திரும்பி வந்தன. பிறகு மெதுவாக எல்லாவற்றையும், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றினோம், அதற்கு இரண்டு மாதம் பிடித்தது. ஆனால் அந்த ஞாயிறு காலை அப்பாவின் முகம் போன போக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று மாலையே அக்கா தன் கணக்குத் தாளைத் திறந்தாள். எக்செலில் பொத்தானை அழுத்தினால் மாதக் கணக்கைக் கூட்டித் தரும் மேக்ரோ என்ற குட்டி நிரல் ஒன்றை யாரோ அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். எக்செலுக்குப் பதிலாக இங்கே இருந்த லிப்ரே ஆபிஸில் பொத்தான் இருந்தது, அழுத்தினால் பிழைச் செய்திதான் வந்தது.

இந்த மூன்றில் வைஃபை ஒன்றுதான் லினக்ஸின் கணக்கில் சேரும். மற்ற இரண்டும் கோப்புகளும் அவற்றைத் திறக்கும் நிரல்களும் சம்பந்தப்பட்டவை, விண்டோஸில் இருந்தபடியே நிதானமாகத் தீர்த்திருக்கலாம். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்: முதலில் நிரல்களை மாற்றுங்கள், இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள். ஆவணங்களுக்கு லிப்ரே ஆபிஸ், இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ், வீடியோவுக்கு விஎல்சி, படம் திருத்தக் கிம்ப், வரைய இங்க்ஸ்கேப், ஒலி திருத்த ஆடாசிட்டி, எல்லாமே விண்டோஸிலும் ஓடும். இன்றைக்கே நிறுவலாம், பழைய நிரலை நீக்கவும் வேண்டாம். எங்காவது கடித்தால் பழையது பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் இப்படி ஓட்டிப் பாருங்கள். அன்றாட வேலை எல்லாம் புதிய நிரல்களில் நடக்க ஆரம்பித்த பிறகு அடியில் இருப்பது விண்டோஸா லினக்ஸா என்பது கைக்கு அவ்வளவாகத் தெரியாது. அக்காவின் மேக்ரோ மாதிரி நகராத விஷயம் எது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். (அவள் மேக்ரோவைக் கடைசியில் தூக்கிப்போட்டோம். அது செய்த வேலையைச் சாதாரணச் சூத்திரம் நான்கே செய்துவிட்டது.)

கடிக்கிற இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன, அவற்றை மறைப்பதால்தான் ஆட்கள் ஒரே வாரத்தில் ஓடிவிடுகிறார்கள். கிம்ப்பில் ஒரு படத்தைத் திருத்திவிட்டு ஜேபெக்காகச் சேமிக்கப் போனால் ‘சேவ்’ என்பதில் அது வராது, ‘எக்ஸ்போர்ட்’டுக்குப் போக வேண்டும். ‘சேவ்’ கிம்ப்பின் சொந்தக் கோப்பு வடிவத்துக்கு மட்டும்தான். இது தெரியாமல் நான் ஒரு சாயங்காலம் முழுக்கக் கிம்ப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஃபோட்டோஷாப்பில் பழகிய கை கிம்ப்பில் தடுமாறும், 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலும் தடுமாறத்தான் செய்யும், வேறு ஒருவர் கட்டிய அறையில் விளக்குப் பொத்தான் தேடுகிற மாதிரி. லிப்ரே ஆபிஸ் எழுத்தாவணத்தைத் தன் ஓடிடி வடிவத்தில் சேமிக்கும். வேர்ட் கோப்பாகவே எப்போதும் சேமி என்று அமைப்புகளில் ஒரு முறை சொல்லிவைத்தால் அப்படியே கேட்கும். கலிப்ரி எழுத்துரு இல்லாத இடத்தில் அதே அகலமுள்ள கார்லிட்டோவையும், ஏரியல், டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பதிலாக லிபரேஷன் எழுத்துருக்களையும் எடுத்துக்கொள்ளும் என்பதால் ஆங்கில ஆவணங்களில் வரி பெரிதாக நகராது. தமிழில் அந்த வசதி இல்லை. விண்டோஸின் லதா எழுத்துருவில் அமைத்த பக்கத்தை லினக்ஸில் உள்ள நோட்டோ, லோகித் எழுத்துருக்களில் திறந்தால் பத்துப் பக்கம் பதினொன்றாகும், அட்டவணை இரண்டாக உடையும். அச்சுக்கோ வேலைக்கான விண்ணப்பத்துக்கோ போகிற எதையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுவது என்று நாங்கள் வழக்கமாகவே வைத்துக்கொண்டோம். தமிழ்த் தட்டச்சு பற்றிக் கவலை வேண்டாம், ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு நிரல்களை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைத்துவிடும்.

சரி, நிரல்கள் பழகிவிட்டன, இனி லினக்ஸ். அப்போதும் நிறுவாதீர்கள். பென்டிரைவில் இருந்தே துவக்கி, வட்டைத் தொடாமல் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க முடியும். எங்கள் வீட்டுக் கதையில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான், செய்திருந்தால் வைஃபை சங்கதி நிறுவுவதற்கு முன்பே தெரிந்திருக்கும். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றையும் பாருங்கள். மடிக்கணினியானால் மூடியை மூடித் திறந்து, தூங்கி எழுகிறதா என்றும் பாருங்கள், பல கணினிகள் சத்தமில்லாமல் ஏமாற்றுவது அந்த இடத்தில்தான். பென்டிரைவில் எல்லாம் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம். விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுவதானால் வட்டில் கைவைக்கும் முன் இரண்டு வேலை: கணினியை முழுதாக அணைக்காமல் வைத்து வேகமாகத் துவக்கும் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்துவிடுங்கள், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பிட்லாக்கர் போட்டிருப்பதே தெரியாமல் இருக்கிறவர்கள் நிறையப் பேர். அந்தச் சாவி இல்லாமல் பூட்டிக்கொண்ட வட்டு பூட்டிக்கொண்டதுதான்.

கருப்புத் திரையைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டளைகளைத் தட்டிக் கொடுக்கும் அந்தத் திரைக்கு டெர்மினல் என்று பெயர். அதில் கடவுச்சொல் கேட்கும்போது பல லினக்ஸ் வகைகளில் தட்டத் தட்டத் திரையில் ஒன்றுமே வராது, நட்சத்திரக் குறிகூட வராது. முதல் முறை பார்க்கிறவர் விசைப்பலகை போய்விட்டது என்றே நினைப்பார். போகவில்லை, தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள். இன்னொன்று, ‘சுடோ’ என்று தொடங்கும் வரியை எங்கிருந்தோ எடுத்து அப்படியே ஒட்டாதீர்கள். அது கணினியின் எல்லா அறைச் சாவியையும் கொடுத்துவிடுகிற சொல், என்ன செய்யும் என்று புரியாத வரிக்கு அதைக் கொடுக்கக் கூடாது. மற்றபடி வீட்டு வேலைக்கு டெர்மினல் பக்கமே போகாமல் மாதக்கணக்கில் இருக்கலாம், அப்பா அப்படித்தான் இருக்கிறார்.

இனி அந்த வைரஸ் வரி. வீட்டுக் கணினியில் லினக்ஸுக்குத் தொல்லை குறைவுதான், ஆனால் மந்திரம் ஒன்றும் இல்லை. அதைக் குறிவைக்கிறவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது என்று நான் நினைப்பது நிரல்கள் வரும் வழி. விண்டோஸில் ஏதாவது வேண்டுமென்றால் தேடி, கண்ட தளத்தில் இருந்து இறக்கி, மூன்று முறை ‘நெக்ஸ்ட்’ அழுத்துவோம். லினக்ஸில் பெரும்பாலானவை, மின்ட் மாதிரி நாம் போட்டிருக்கும் லினக்ஸ் வகையை வெளியிடுகிறவர்களின் நிரல் களஞ்சியத்தில் இருந்து மின்கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வருகின்றன, திருத்தங்களும் எல்லா நிரலுக்கும் அதே வழியில் வருகின்றன. அந்த வழியிலும் ஓட்டை விழும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் நிரலில் கள்ளக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. வைத்தவர் யாரோ புதியவர் இல்லை, இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, தனியாளாகச் சுமந்து களைத்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர். தூரத்துக் கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழியான நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று பிடித்துக்கொண்டு தோண்டியவர். நிரலை எழுதிய மூல வரிகள், அதாவது மூல நிரல், எல்லோருக்கும் திறந்திருந்ததால் தோண்ட முடிந்தது. அதே சமயம், அந்த அரை விநாடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் பார்க்கலாம் என்பதும் யாராவது பார்த்தார்கள் என்பதும் வேறு வேறு.

இலவசம் என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் நல்ல சொல் இருக்கிறது, கட்டணம் இல்லை என்பதைச் சொல்லாமல் கட்டு இல்லை என்பதைச் சொல்லும் சொல். முப்பரிமாணப் படங்கள் செய்யும் பிளெண்டர் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்ட பிறகு, 2002-இல் பயன்படுத்துகிறவர்களே ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி மூல நிரலைத் திறக்க வைத்தார்கள். 2010-இல், ஓப்பன் ஆபிஸ் என்ற அலுவலக நிரலை வைத்திருந்த சன் நிறுவனம் ஆரக்கிள் நிறுவனத்திடம் போனபோது, அதை எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெருங்கூட்டம் அதே நிரலைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியேறி லிப்ரே ஆபிஸைத் தொடங்கியது. உரிமம் அதற்கு இடம் கொடுத்தது, யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நான் எழுதிய கோப்பு பத்து வருடம் கழித்தும் எனக்குத் திறக்க வேண்டும் என்றால் எனக்கு அந்த இடம்தான் முக்கியம், விலைச்சீட்டு பூஜ்யம் என்பது இல்லை. முடிந்தவர்கள் தினமும் திறக்கிற ஒரே ஒரு நிரலுக்காவது வருடத்தில் ஒரு முறை ஏதாவது கொடுக்கலாம். பிழையை ஒழுங்காக எழுதித் தெரிவிப்பதும் கொடுப்பதுதான்.

லினக்ஸ் வேண்டாம் என்று நானே சொல்கிறவர்களும் உண்டு. அடோபி நிரல்களில் பிழைப்பு நடத்துகிறவர், ஃபோர்ட்நைட், வேலரன்ட் மாதிரி ஏமாற்றுத் தடுப்பு நிரல் உள்ள விளையாட்டுகளை விடமுடியாதவர், விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு கருவியையோ மென்பொருளையோ வேலைக்காக வைத்திருப்பவர். இவர்கள் நிரல்களை மட்டும் மாற்றிக்கொண்டு அங்கேயே நிற்கலாம், குறைச்சல் ஒன்றும் இல்லை.

உங்கள் கட்டுரைக்குத் தொடர்ச்சி வருமானால் இந்த வரிசையையும் ஒரு பத்தி சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கடிதங்களை வேர்ட் கோப்பாக அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். நான் வேண்டுமென்றே ஓடிடியாக இணைத்திருக்கிறேன், வேர்ட் இதைத் திறக்கும். ஏதாவது வரி ஓடிப்போயிருந்தால் சொல்லுங்கள், பிடிஎஃப் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்