அட்டையில் மூன்று வரிக்கு இடம் இருந்தது

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும், கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

அப்பாவின் முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஓர் அட்டை அடித்தோம். முன்பக்கம் அப்பாவின் படம், பிறந்த தேதி, கர்த்தருக்குள் நித்திரையடைந்த தேதி. பின்பக்கம் நன்றி அறிவிப்பு. சேகர குருவானவர், சபைக் கமிட்டியார், பாடகர் குழு, அப்பா வேலை பார்த்த பள்ளியின் ஆசிரியர்கள், மாலையோடு வந்த கட்சிக்காரர்கள், சென்னையிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய பெரியப்பா மகன் என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் ‘மற்றும் பல வகைகளில் உதவி செய்த அனைவருக்கும்’ என்று முடித்திருந்தேன்.

அந்தப் ‘பல வகை’ நீங்கள்தான்.

பிரஸ்காரர் கேட்கத்தான் செய்தார். “சார், இன்னும் மூணு வரிக்கு இடம் இருக்கு. வேற யார் பேராவது விட்டுப்போச்சா?” கொஞ்சம் யோசித்தேன். ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை. “ஒரு சிலுவை படம் போட்டுருங்க” என்றேன். போட்டார். நன்றாகத்தான் இருந்தது.

அட்டை கைக்கு வந்து இரண்டு நாள் கழித்து, அப்பாவின் அலமாரியை ஒதுங்கவைக்கும்போது ஒரு பழைய வேட்டி அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவன்தான், வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. இந்த மடலுக்குக் காரணம் அந்த வேட்டி.

அதனால் முதல் நன்றி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி வார்டு அக்காவுக்கு.

அக்கா, அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்துபோய் 19 நாள் உங்கள் வார்டில் கிடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொல்வது சுலபம். முதல் ராத்திரி நானும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். நீங்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து எங்களை வைதீர்கள். “விளங்காத கையைப் பிடிச்சு இழுக்காதீங்கய்யா, தோள்பட்டை நழுவிப் போயிரும்!” அப்புறம் கொஞ்சம் தணிந்து, “வீட்ல அய்யாவோட பழைய வேட்டி இருந்தா ரெண்டு கொண்டாங்க. புதுசு வேண்டாம். துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆயிருக்கும் பாருங்க, அது” என்றீர்கள்.

கொண்டுவந்தேன். அதை நாலாக மடித்து, அப்பாவை மெதுவாகப் புரட்டி, முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே விரித்தீர்கள். ஆளுக்கொரு பக்கம் வேட்டியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று. அப்பா தண்ணீரில் மிதக்கிற மாதிரி நகர்ந்தார். வயதானவர்களுடைய தோல் பொரிவிளங்காய் மேல் சுற்றின காகிதம் மாதிரி, விரிப்பில் உரசினாலே உரிந்து வந்துவிடும் என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. 19 நாளும் அப்பாவுக்கு ஒரு புண் இல்லை. மூக்குக் குழாயில் கஞ்சி விட்டபிறகு அரை மணி நேரம் நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும் என்பதையும் நீங்கள்தான் கடிகாரம் பார்த்து எங்களுக்கு ஞாபகப்படுத்தினீர்கள். உங்கள் வேலை தரை துடைப்பதும் தொட்டி கழுவுவதும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் கையில் இருநூறு ரூபாய் கொடுத்தேன். கணக்கு முடிந்தது என்றும் நினைத்துக்கொண்டேன். உங்கள் பெயரைக் கேட்கவில்லை. 19 நாள், அக்கா! ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

அந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எரேமியா புத்தகம் 38ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. ஓய்வுநாள் பள்ளியில் படித்த கதைதான். எரேமியாவைப் பிரபுக்கள் பிடித்துத் துரவில் இறக்கிவிடுகிறார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, சேறுதான். தீர்க்கதரிசி அதில் அமிழ்ந்து கிடக்கிறார். எருசலேமில் அத்தனை பேர் இருந்தும், ராஜாவிடம் போய் இது அநியாயம் என்று சொன்னவன் அரண்மனையில் வேலை பார்த்த ஓர் எத்தியோப்பியன், எபெத்மெலேக்கு. ராஜா 30 பேரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறான். அவன் நேரே துரவுக்குப் போகவில்லை. பொக்கிஷ அறைக்குக் கீழே இருந்த இடத்துக்குப் போய்ப் பழைய கந்தைத் துணிகளைப் பொறுக்கி எடுக்கிறான். கயிற்றோடு அதையும் இறக்கி, இதை அக்குளில் வைத்துக்கொண்டு அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும் என்கிறான்.

ஆளைத் தூக்க 30 பேரும் கயிறும் போதும். கயிறு அக்குளை அறுக்கும் என்று யோசித்தவன் அவன் ஒருவன்தான். இன்னொன்று: எபெத்மெலேக்கு என்றால் ‘ராஜாவின் வேலைக்காரன்’ என்று அர்த்தமாம். அது அவனுடைய அம்மா அப்பா வைத்த பெயர்தானா, அல்லது அரண்மனையில் எல்லாரும் ‘ஏ வேலைக்காரா’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நின்றுவிட்டதா என்று எனக்கு ஒரு சந்தேகம். நான் உங்களை ‘வார்டு அக்கா’ என்று எழுதுகிறேனே, அதே மாதிரி. நகரம் பிடிபடுகிற நாளில் அவனைத் தப்புவிப்பேன் என்று அடுத்த அதிகாரத்தில் கர்த்தர் அவனுக்குத் தனியாகச் சொல்லியனுப்புகிறார்.

அடுத்தது, வண்டி ஓட்டிவந்த தம்பிக்கு. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்த அந்த ராத்திரி நீங்கள் சைரன் போடவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி நிறுத்தி இறக்கினீர்கள். இனி என்ன வலிக்கப்போகிறது என்று நான் முணுமுணுத்தது உங்கள் காதில் விழுந்ததோ என்னவோ. வீட்டில் உபதேசியார் ஜெபம் பண்ணி முடிக்கும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு, நெற்றியில் திருநீற்றோடு, வாசல்படிக்கு வெளியே கை கட்டி நின்றீர்கள். வாடகை வாங்கிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டீர்கள். யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. நான் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிய அண்ணாச்சிகள் இரண்டு பேருக்கும். ஐப்பசி மழை. ராத்திரி வெட்டி முடித்த குழி விடியும்போது ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அடியில் ஊற்று. திரும்ப வெட்டினீர்கள், வாளியால் தண்ணீரை இறைத்தீர்கள், கடைசியில் பனையோலையைப் பரப்பி அதன்மேல் காய்ந்த மணலைக் கொட்டினீர்கள். பெட்டி தண்ணீரில் போய் உட்கார்ந்தால் வீட்டுப் பெண்கள் தாங்கமாட்டார்கள் என்று நீங்கள் சொன்னதை உபதேசியார் அப்புறம் என்னிடம் சொன்னார். நாங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது குழி சுத்தமாக இருந்தது. குழி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். நீங்கள் மண்வெட்டியோடு பனைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றீர்கள், ஏதோ தப்புச் செய்தவர்கள் மாதிரி. ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நாங்கள் திரும்பிவிட்டோம். மீதி மண் முழுவதும் நீங்கள்.

நம் கோயில் மணி அடிக்கிற கோயில்குட்டி அண்ணனுக்கு எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் முதல் மணிக்கு எழுந்து, இரண்டாம் மணிக்கு ஓடிவருகிறவன் நான். நீங்கள் ஆராதனையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்பது துக்கமணி அடித்தபோதுதான் உறைத்தது. அதிகாலை மழையில் தலையில் ஒரு சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, ஒரு அடி, நிறுத்தம், ஒரு அடி, நிறுத்தம் என்று நீங்கள் அடித்ததைத் தெருமுனையில் நின்று கேட்டேன். “வாத்தியாருக்கு இல்லையா, நிதானமாத்தான் அடிக்கணும்” என்றீர்கள். அப்பாவிடம் நீங்கள் வாங்கின அடியும் கொஞ்சநஞ்சமில்லை என்று எனக்குத் தெரியும்.

காது கேளாத டெய்லர் அண்ணனுக்கு. இதை வாசித்துவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள். பாளையங்கோட்டைக் காது கேளாதோர் பள்ளியில் படித்தவர் நீங்கள். அப்பாவோடு சண்டை போடுவதானால்கூட எழுதித்தான் போட வேண்டும். துக்க வீட்டில் நீங்கள் வந்து நின்றபோது எங்களில் ஒருவருக்கும் உங்களிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தோம். நீங்கள் உள்ளே போய் அப்பாவைப் பார்த்தீர்கள். திரும்பி வந்து, கொடியில் கிடந்த அவருடைய வெள்ளை ஜிப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். ஒரு மணி நேரத்தில், இளைத்துப்போன உடம்புக்குத் தக்கபடி இரண்டு பக்கமும் பிடித்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தீர்கள். அப்பா அடக்கத்தில் தொளதொளவென்று இல்லாமல், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தார் என்று எல்லாரும் சொன்னார்கள்.

போன வாரம் உங்கள் கடைக்கு வந்தேன் அல்லவா? அப்பா எழுதிக் கொடுத்த சீட்டுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தீர்கள். எல்லாம் நாள்காட்டித் தாளின் பின்பக்கம். ஒன்றில் அவர் கையெழுத்தில்: ‘காலர் கடிக்கிறது. அவசரம் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் விட்டதா?’ அப்பா வீட்டில் எங்களிடம் இவ்வளவு பேசினதில்லை, அண்ணே.

கடைசி பெஞ்ச் பெரியம்மா, உங்களுக்கும். மூன்று நாள் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கருப்பட்டிக் காப்பி போட்டது நீங்கள். டம்ளர் கழுவினதும் நீங்கள். கூட்டம் குறைந்தபிறகு, இரவு பதினொரு மணிக்கு, அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு நீங்களும் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்களும் தாலி இழந்தவர் என்பதால் அம்மா உங்களிடம் மட்டும்தான் அழுதார். இதில் பெயர் போடட்டுமா என்று கேட்க வந்தபோது, “எய்யா, பேரெல்லாம் போடாத. அடுத்த வீட்ல காப்பி போடப் போனா, பேருக்காக வந்திருக்கான்னு நெனைக்கும்” என்றீர்கள். சரி பெரியம்மா, போடவில்லை. உங்களைப் பார்த்து மற்ற யார் பெயரையும் போடவில்லை. தெரியாத பெயர்களுக்கும் அது ஒரு சாக்காகிவிட்டது.

பெயர் என்றதும் இதைச் சொல்ல வேண்டும். ரோமர் நிருபம் 16ஆம் அதிகாரத்தை நான் எப்போதும் தாண்டிப் போய்விடுவேன். எல்லாம் பெயர். அசிங்கிரீத்து, பிலெகோன் என்று வாசிக்கிறவர் நாக்கு புரளும், கேட்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். இந்த வாரம் உட்கார்ந்து மெதுவாக வாசித்தேன். நிருபத்தைப் பவுல் சொல்லச் சொல்லக் கை வலிக்க எழுதினவன் தெர்தியு. அவன் நடுவில் ஒரு வரி புகுந்து, ‘இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான்’ என்று தானும் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறான். பவுல் அதை அடிக்கவில்லை. ரூபுவையும் ‘எனக்கும் தாயாகிய அவன் தாயையும்’ வாழ்த்துங்கள் என்று ஒரு இடம். அந்த அம்மாவின் பெயரைப் பவுலும் எழுதவில்லை. எந்த ஊரில் அவருக்குச் சோறு போட்டாளோ, எந்தக் காய்ச்சலில் பக்கத்தில் இருந்தாளோ. அதை வாசித்தபோது பெரியம்மா, உங்கள் காப்பி வாசம் வந்தது.

அப்பாவுக்கு இந்த மாதிரிப் பட்டியல்கள் பிடிக்கும். 1780இல் பாளையங்கோட்டைச் சபைக்கென்று எழுதின பதிவேட்டில் 40 பேர் என்று வகுப்பில் சொல்லுவார். அதில் ஒருத்தி கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தியப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தாள் என்று ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அவளுக்கு முதலில் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, 1778இல்தான் கொடுத்தார். 1785இல் பாளையங்கோட்டையில் கோயில் கட்டினது அவள்தான். ‘ஐயர் வேண்டாம்னு சொன்ன ஆள்தாம்லே கோயில் கட்டிச்சு’ என்று பிரம்பை மேசையில் தட்டுவார். சொல்லும்போது மட்டும் குரல் உடையும். பிரம்பு உடையாது.

அக்கா, உங்களைத் தேடிப் போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்கள் இரவு வேலைக்கு மாறிவிட்டீர்கள் என்றார்கள். பெயரைக் கேட்டேன், சொன்னார்கள். அதை இங்கே எழுதவில்லை, நேரில் வந்து கூப்பிடுகிறேன். ஒரு வேட்டியை அம்மா தனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டார். மற்றதைக் கஞ்சி போடாமல் துவைத்து வைத்திருக்கிறேன். வார்டில் யாருக்காவது உதவும் என்றால் கொண்டுவருகிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். எங்கள் வீட்டில் ஒரு தூக்குவாளி நிற்கிறது. எவர்சில்வர், பிடியில் ஒரு நெளிசல், அடியில் ‘ச. பா.’ என்று வெட்டியிருக்கிறது. இரண்டாம் நாள் காலையில் யாரோ அதில் சூடாக இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் சாப்பிட்டது அது ஒன்றுதான். தெருவில் எல்லா வீட்டிலும் கேட்டாயிற்று, ஒருவரும் தங்களுடையது இல்லை என்கிறார்கள். பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. உங்களுடையது என்றால் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பக்கூடாது என்று அம்மா கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
வாத்தியார் வீட்டு மூத்தவன்