தூண்டில் மீனை முழு அளவிலேயே வரையலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வந்த ஆழ்கடல் தூண்டில் மீன் ஓவியத்தில் வண்ணம் போட்ட கை தேர்ந்த கை. ஆனால் நீர்மூழ்கிக் கப்பலையே விழுங்கப் போவதுபோல் வாய் பிளந்து நிற்கிறதே, அந்த மீன் நிஜத்தில் உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்த உருவத்துக்குரிய மெலனோசீட்டஸ் இனத்தில் பெண் மீன் 15 செ.மீ. வளர்ந்தாலே பெரிது. மேட்டூர் அணைக் கட்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால் இது குஞ்சு. ஒரு மீட்டரைத் தாண்டும் இனமும் உண்டு, ஆனால் அதன் உருவமே வேறு.

படத்தில் பவளமும் பாசியும் நீல வெளிச்சமும் இருக்கின்றன. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை கடல்நீர் நிரம்பியிருப்பதாக நினைத்துப் பாருங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம். பாசி வளரும் அளவுக்கு வெயில் எட்டுவது மேலிருந்து சுமார் 200 மீட்டர் வரைதான். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்கும் முன்பே பசுமை முடிந்துவிடும். அடிவாரத்தில் கும்மிருட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் அழுத்தம். இந்த மீன் அங்கே தரையைத் தொடாமல், அதிகம் அசையாமல் நடுநீரில் மிதந்து இரைக்குக் காத்திருக்கும்.

இரையை ஈர்க்க இந்த மீன் தலைக்கு முன்னால் நீட்டும் ஒளித் தூண்டிலையும் திருத்த வேண்டும். உச்சந்தலையில் மின்கம்பியில் பல்பு தொங்குவதுபோல் வரைகிறார்கள். அது முதுகுத் துடுப்பின் முதல் முள், மூக்குக்கு மேலே முன்னால் நகர்ந்து வந்தது. நுனியில் இருக்கும் சிறு குமிழுக்குள் வாழும் பாக்டீரியாதான் ஒளி தருகிறது. அந்த ஒளி நீலப்பச்சை. மஞ்சள் பூசினால் தவறு.

ஓவியர்கள் அதிகம் சறுக்குவது தோலில். உருண்டையாகத் தெரியட்டும் என்று முதுகில் வெள்ளைப் பளபளப்பு வைத்துவிடுகிறார்கள். 2020இல் வெளியான ஆய்வில், ஆழ்கடல் தூண்டில் மீன் ஒன்றின் தோல் தன்மேல் படும் ஒளியில் 0.04 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்பியது. தன் விளக்கின் வெளிச்சமே தன் முகத்தைக் காட்டிக்கொடுத்தால் இரை கிட்டே வருமா? ஆகவே உடம்புக்கு வெறும் கறுப்பு போதும். செதில் கிடையாது, அதையும் போட வேண்டாம். கண்ணும் சிறியது. பற்கள் ஊசிபோல் மெல்லியவை, உள்பக்கமாக மடங்கும். போன இரை திரும்பாது.

படத்தில் ஆண் மீனே இல்லை. இதன் ஆணுக்கு 3 செ.மீ.கூட வராது, தூண்டிலும் கிடையாது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த மீன் ஆய்வாளர் பியார்னி சேமுண்ட்சன் 1922இல் வேறொரு தூண்டில் மீனின் வயிற்றில் இரண்டு சிறு மீன்கள் ஒட்டியிருப்பதைக் கண்டு, குஞ்சுகள் என்று எழுதினார். 1925இல் பிரிட்டிஷ் மீன் ஆய்வாளர் சார்லஸ் டேட் ரீகன் அப்படி ஒட்டியிருந்த ஒன்றை அறுத்துப் பார்த்து, அது ஆண் என்று காட்டினார். அந்த இனத்தில் ஆண் கடித்தபடியே ஒட்டி, தோலும் ரத்தக் குழாயும் பெண்ணோடு இணைந்துவிடும். மெலனோசீட்டஸ் ஆண் பொதுவாகச் சிறிது நேரம் பற்றியிருந்து விலகிவிடும். வரையும்போது இந்த இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

வலையில் ஏறும்போது தூண்டில் ஒடிந்து, தோல் உரிந்துபோவதுண்டு. கண்ணாடிக் குடுவை மாதிரியை மட்டும் பார்த்து வரைந்தால் தவறு அங்கேயே தொடங்கிவிடும். 2014இல் கலிஃபோர்னியாவின் மான்டெரி விரிகுடாவில் சுமார் 580 மீட்டர் ஆழத்தில் உயிரோடு படமெடுத்த பெண் மீனின் காட்சி இருக்கிறது. அதன் நீளம் 9 செ.மீ. உங்கள் ஓவியர் அதைப் பார்த்து, ஒரு ஏ4 தாளில் பெண்ணை முழு அளவில் வரைந்து, பக்கத்தில் 3 செ.மீ.க்குள் ஆணையும் வைத்து அடுத்த வாரம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.