அந்தத் தண்டுகளை வெட்டாதே, வசந்தா

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அண்ணனுக்கு முட்டிவலி குறைந்து காலையில் நடக்கப் போகிறார் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. ஈப்போ தண்ணீரும் காற்றும் அவருக்கு ஒத்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் அன்று படித்த தமிழ்ப் பாட்டை என்னிடம் பாடிக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறாள். மகன் செங்காங்கில் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டான். இவ்வளவு நாள் சேர்ந்து இருந்துவிட்டு வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது, ஆனால் வாராவாரம் வந்துவிடுகிறார்கள்.

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் உன் ஆர்க்கிட் விஷயம். இலை உதிர்ந்த தண்டுகளை எல்லாம் இந்த வாரக் கடைசியில் வெட்டி எறியப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, தயவுசெய்து வெட்டாதே. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டு சுருங்கியிருக்கிறதே தவிர உள்ளே பச்சை போகவில்லை. உன்னுடையது டெண்ட்ரோபியம் வகை ஆர்க்கிட், அதற்கு அந்தத் தண்டுதான் சேமிப்பு. தண்ணீரும் சத்தும் அதில் இருக்கும். இலை இல்லாத தண்டு கூட பிறகு ஏதாவது ஒரு வருஷம் பூங்கொத்து விடும், அல்லது பக்கத்தில் வரும் புதுத் தளிருக்குத் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும். அமுக்கிப் பார். விரலுக்குக் கெட்டியாக இருந்தால் விட்டுவிடு. பழுப்பேறி, உள்ளே வெறும் நாராக, லேசாக இருந்தால் மட்டும் எடு.

வீட்டில் ஆர்க்கிட் பெருக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான். விதை, மருந்து, கணுவில் தடவும் பசை என்று தேடி அலைய வேண்டாம். கன்று அந்தப் பழைய தண்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு தூங்குகிறது. செடி நல்ல வெயிலில், நல்ல வேரோடு இருந்தால் அது பூவாக எழும். நிழல் அதிகமானாலோ, வேர் கெட்டுப்போய்ச் செடிக்குத் தன் உயிர்மேல் பயம் வந்தாலோ, பூவுக்குப் பதில் கன்றாக எழும்.

உன் மூன்றாவது படத்தில், இடப்பக்கத் தண்டின் மேலிருந்து இரண்டாவது கணுவைப் பார். கணுவை மூடிய மெல்லிய வெள்ளைத் தோல் விரிந்து, உள்ளிருந்து பச்சரிசி அளவுக்கு ஒரு முனை எட்டிப் பார்க்கிறது. பூவா கன்றா என்று இப்போது சொல்ல முடியாது. பூ என்றால் காம்பு நீண்டு அதில் மொட்டுகள் வரிசையாக வரும். கன்று என்றால் இரண்டு குட்டி இலைகள் எதிரெதிரே பிரியும், அப்புறம் அடியிலிருந்து வேர் இறங்கும். அந்த வேரைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் சலிப்பு இல்லை. உடம்பெல்லாம் வெள்ளை, நுனி மட்டும் பளபளக்கும் பச்சை. மேலே தண்ணீர் தெளித்தால் வெள்ளைப் பாகமும் கண்ணெதிரே பச்சையாகிவிடும். வெளித்தோல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டதும் உள்ளே இருக்கிற பச்சை தெரிகிறது. காய்ந்ததும் மறுபடி வெள்ளை.

கன்று தெரிந்ததும் பிரித்துவிடத் தோன்றும். அவசரப்படாதே. இரண்டு மூன்று வேர் இறங்கி, ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் அளவுக்கு வரட்டும். அதுவரை தாய்த்தண்டிலேயே இருக்கட்டும். அப்புறம் கன்றோடு தாய்த்தண்டின் சிறு துண்டையும் சேர்த்து வெட்டு. வெட்டிய இடத்தில் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைத் தூள் தடவினால் ஈரம் உலர்ந்துவிடும். வேரில் மட்டும் அது படாமல் பார்த்துக்கொள், வேரையும் உலர்த்திவிடும். 3 அங்குலத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் ஈரம் தங்கி வேர் அழுகும். உள்ளே கரித்துண்டும் உடைத்த செங்கலும் போடு. கரியை முதல் நாளே ஊறவைத்துக் கழுவிவிடு. நட்டபின் ஒரு குச்சியில் கட்டிவிடு, காற்றில் ஆடினால் புது வேர் நுனி ஒடியும். இரண்டு வாரம் நிழல், பிறகு காலை வெயில்.

கன்று வரக் காத்திருக்க முடியாது என்றால் இன்னொரு வழி உண்டு. பூத்து முடிந்த தண்டை இரண்டு மூன்று கணு வருமாறு துண்டுபோட்டு, ஈரமான ஸ்பேக்னம் பாசிமேல் படுக்கவைத்து, மூடி போட்டு நிழலில் விடலாம். வாரங்கள் கழித்து கணுவில் தளிர் வரும். எல்லாத் துண்டும் பிழைக்காது, ஆனாலும் குப்பைக்குப் போகவேண்டியதிலிருந்து ஒரு செடி கிடைத்தால் லாபம்தானே. தொட்டி நிரம்பியிருந்தால் புதரைப் பிரிக்கவும் செய்யலாம். பிரிக்கும் ஒவ்வொரு பாகத்திலும் குறைந்தது மூன்று தண்டாவது இருக்கட்டும். புதுத் தளிர் வேர் விடத் தொடங்கும் நேரம் பார்த்துச் செய்.

கத்தி விஷயத்தில் உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா? வார்டில் கருவிகளைக் கொதிக்கவைத்து எடுத்த கைகள்தானே நம்முடையவை. ஆனால் செடி என்றதும் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். ஆர்க்கிட்டில் வைரஸ் நோய்கள் உண்டு. இலையில் கோடு, புள்ளி, பூவில் நிறம் சிதறுவது எல்லாம் அதன் வேலை. மருந்தே கிடையாது. ஒரு செடியை வெட்டிய கத்தியால் அடுத்ததை வெட்டினால் அதற்கும் வந்துவிடும். கன்றிலும் நோய் கூடவே போகும். அதனால் ஒவ்வொரு செடிக்கும் முன்னால் கத்தியை அடுப்புத் தீயில் நன்றாகக் காட்டு, ஆறியதும் வெட்டு. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விதையிலிருந்து வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில் விதை இருக்கும், எல்லாம் வெறும் தூசி. நெல்லிலும் அவரையிலும் இருக்கிற சேமிப்புச் சத்து அதில் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை வந்து சேர்ந்து ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாமல், சர்க்கரையும் உப்புச்சத்துகளும் கலந்த அகர் அகர் என்ற கடற்பாசிக் கூழில் முளைக்கவைக்கலாம் என்று 1922இல் அமெரிக்காவில் நட்சன் என்ற அறிவியலாளர் காட்டினார். தீபாவளிக்கு நாம் வெட்டி வைப்போமே, அதே அகர் அகர்தான். நம் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், இயக்குநராக இருந்த ஹோல்ட்டம் 1928இல் அந்த முறையில் கலப்பின ஆர்க்கிட்டுகளைக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிய சிங்கப்பூர் ஆர்க்கிட்டுகளுக்கு அதுதான் தொடக்கம். வீட்டிலேயே பிரஷர் குக்கரில் குடுவையைக் கிருமி போக அவித்து விதை முளைக்கவைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. ஆனால் ஒரு பூஞ்சை வித்து உள்ளே விழுந்தாலும் குடுவை முழுக்கப் போச்சு. தப்பிப் பிழைத்தாலும் பூவைப் பார்க்க வருஷங்கள் ஆகும், ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதமாகவும் பூக்கும். கன்றில் வருவது தாயின் அதே பூ. உனக்கு உன் அம்மா வைத்திருந்த அந்த ஊதாப் பூவேதானே வேண்டும்? அப்படியென்றால் விதை உனக்கு உதவாது.

சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட்டும் வெட்டிவெட்டித்தான் பெருகியது, தெரியுமா? தஞ்சோங் பகாரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் பூத்ததை 1893இல் பூமலையின் அப்போதைய இயக்குநர் ரிட்லி உலகுக்கு அறிவித்தார். ஆக்னஸ் தாமே இரண்டு வாண்டா வகை ஆர்க்கிட்டுகளைச் சேர்த்து உருவாக்கினாரா, தானாக அமைந்ததா என்று ரொம்ப நாள் வாதம் நடந்தது. 2016இல்தான் உருவாக்கியவர் அவர்தான் என்று இங்கே முறையாக ஏற்றுக்கொண்டார்கள். 1981இல் அது தேசிய மலரானபோது நமக்கு எவ்வளவு பெருமை! அந்த முதல் செடியின் நுனியை வெட்டி, வெட்டி நட்டுத்தான் அது தோட்டம் தோட்டமாகப் பரவியது. அந்த அம்மா 1899இல் இறந்துபோனார். அவர் கைபட்ட அதே உயிர் இன்னும் பூக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

உனக்குத் தரைவீடு, முற்றத்தில் முழு வெயில். நீ அதை வளர்க்கலாம். விழுதுகள் இருக்கிற நுனித் துண்டை ஒரு கம்பத்தில் கட்டி நிறுத்து. தலை கம்பத்தைத் தாண்டி வெயிலுக்கு வந்தால்தான் பூக்கும். எனக்கு இங்கே அதற்கு வழியில்லை. அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் விடவேண்டும், வெயிலும் பத்து மணியோடு போய்விடுகிறது. அதனால் டெண்ட்ரோபியத்தோடு நிறுத்திக்கொண்டேன். எல்லாம் கம்பியில் தொங்குகின்றன. அடித்தட்டு கிடையாது, தண்ணீர் தேங்காது. டெங்கிச் சோதனைக்கு யார் வந்தாலும் தைரியமாகக் கதவைத் திறப்பேன். சீனப் புத்தாண்டுக்கு உனக்கு வந்த ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட்டை மட்டும் கேமரன் மலையில் இருக்கும் உன் நாத்தனாரிடம் கொடுத்துவிடு. நம் ஊர்ச் சூட்டில் அது மறுபடி பூக்கச் சிரமப்படும், அங்கே சந்தோஷமாக இருக்கும்.

போன வாரம் தேக்கா சந்தையில் நம் சரோஜாக்காவைப் பார்த்தேன். வாழையிலை வாங்கிக்கொண்டிருந்தார். உன்னைத்தான் முதலில் விசாரித்தார். கண் அறுவைக்குப் பிறகு பேப்பர் படிக்க முடிகிறதாம். அவர் அடுக்குமாடி புளோக் எதிரே இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தில் புறா ஆர்க்கிட் ஒட்டி வளர்ந்திருக்கிறது. பெருமழை பெய்து காற்றுச் சட்டென்று குளிர்ந்தால், அதிலிருந்து ஒன்பதாவது நாள் அந்த வட்டாரத்துப் புறா ஆர்க்கிட் எல்லாம் ஒரே நாளில் பூக்கும், அன்றைக்கே வாடிவிடும். மழை பெய்த தேதியை அக்கா நாட்காட்டியில் குறித்துவைத்து எனக்கு போன் பண்ணுகிறார்.

என் வெள்ளை டெண்ட்ரோபியத்தில் ஒரு கன்று கேட்டிருந்தாய். தருவதற்கு எனக்கு ஆசைதான், ஆனால் செடியை எல்லை தாண்டி மலேசியாவுக்குக் கொண்டுபோக அனுமதிச் சான்று வேண்டும், பையில் சொருகிக்கொண்டு பஸ் ஏற முடியாது. நீ முதலில் உன் செடியில் கன்று எடுக்கக் கற்றுக்கொள். அந்த இரண்டாவது கணுவைப் பத்து நாள் கழித்து மறுபடி படம் எடுத்து அனுப்பு. தண்டின் அடியையும் சேர்த்து எடு, அங்கே புதுத் தளிர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வேர் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அதையும் எழுது. அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
மங்கை